சாரத்தை எப்போது பிரிப்பது? பாலிக்கும் ஜேசிக்கும் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் ஜனவரி பிறந்தால் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒரே கேள்விதான். "என்ன அண்ணே, பையனுக்கு ரிசல்ட் வந்துடுச்சா? ஜேசியா, பாலியா?" உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வு முடிவுக்குப் பிறகு தொடக்கக் கல்லூரியா (ஜேசி), பாலிடெக்னிக்கா (பாலி) என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பவருக்குப் பதில் முக்கியமில்லை. தே தாரிக் ஆறுவதற்குள் அவரே ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது அப்படி ஒன்றும் கடினமில்லை. மதிப்பெண் தெரியும். எந்தத் துறைக்கு எவ்வளவு வேண்டும் என்று போன ஆண்டுக் கணக்கு இணையத்தில் கிடக்கிறது. பள்ளியில் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகர் இருக்கிறார். ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். யாரும் கேட்காத கேள்வி வேறு ஒன்று. கல்லூரி தொடங்கியபிறகு காலையில் பிள்ளையை எழுப்பப்போவது யார்?

சிரிக்காதீர்கள். என் வீட்டில் முதல் சண்டை இதில்தான் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஒரு கருத்து உண்டு. கல்வி உளவியலில் அதற்குச் சாரம் கட்டுதல் என்று பெயர். சாரம் என்றால் நமக்கெல்லாம் தெரியும். லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பிக்கும்போது முகப்பு முழுக்கக் குழாய்களும் பலகைகளுமாக நிற்குமே, அதுதான். சுவர் தன் காலில் நிற்கும்வரை, அல்லது ஆட்கள் வேலையை முடிக்கும்வரை இருக்கும். அப்புறம் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சாரத்தையும் சேர்த்து யாரும் வீடு விற்பதில்லை.

1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் இந்தச் சொல்லைப் பிள்ளை வளர்ப்புப் பக்கம் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்த சோதனை எளிமையானது. 3, 4, 5 வயதில் 30 பிள்ளைகள். ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகள். அவற்றை அடுக்கி ஒரு பிரமிடு கட்ட வேண்டும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார். முடிந்தவரை பிள்ளையே செய்யட்டும், முடியாத இடத்தில் மட்டும் அவர் கை கொடுக்கலாம்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஒரே ஆசிரியர் அந்த மூன்று வயதுப் பிரிவினரிடமும் மூன்று விதமான ஆளாக மாறவேண்டியிருந்தது. 3 வயதுப் பிள்ளை கட்டையை வைத்து வேறு ஏதோ விளையாடும். அதை வேலைப் பக்கம் இழுப்பதே அவருக்குப் பெரும்பாடு. 4 வயதுப் பிள்ளை முயலும், தப்பாக அடுக்கும். அதற்கு "இது சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பார்" என்று வாயால் திருத்துபவர் தேவை. 5 வயதுப் பிள்ளை தானே கட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அதற்குத் தேவை ஒரு தலையசைப்புதான்.

இழுப்பவர், திருத்துபவர், தலையசைப்பவர். நம் வீட்டில் 17 வயதுப் பிள்ளைக்கும் இதே மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். எந்த விஷயத்தில் யார் தேவை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. துணி துவைப்பதில் அவன் இன்னும் 3 வயதாக இருக்கலாம். கைப்பேசிச் சந்தாவைப் பேரம் பேசி மாற்றுவதில் நம்மைவிட மூத்தவனாக இருப்பான்.

வுட் தன் ஆய்வுகளில் வலியுறுத்திய விதி ஒன்று உண்டு. பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுங்கள், செய்துவிட்டால் ஒரு படி குறையுங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். செய்து பாருங்கள், அப்போது தெரியும். ஏனென்றால் நாம் வழக்கமாகச் செய்வது நேர் எதிர். பிள்ளை தடுமாறினால் ஒரேயடியாக நாமே எடுத்துச் செய்துவிடுகிறோம். அவன் செய்துவிட்டாலோ, "பார்த்தியா, நான் சொன்னதால்தானே" என்று இன்னும் நான்கு அறிவுரை சேர்க்கிறோம்.

சரி, இதற்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு?

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளையைச் சுற்றி எத்தனை குழாய்கள் நின்றன என்று எண்ணிப் பாருங்கள். காலை மணி. சீருடை. தினமும் முகத்தைப் பார்க்கும் வகுப்பாசிரியர். பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வந்து விழும் அறிவிப்புகள். பெற்றோர் வாட்ஸ்அப் குழு, அதில் எதையும் மறக்காத ஓர் அம்மா. துணைப்பாட ஆசிரியர். இவற்றில் பாதி நாம் கட்டியதே இல்லை, பள்ளி கட்டியது. அதனால் அப்படி ஒன்று இருப்பதே நம் கண்ணில் படவில்லை.

பாலிடெக்னிக்கில் அந்தப் பாதி ஒரே நாளில் போய்விடுகிறது. சீருடை இல்லை. திங்கள்கிழமை 8 மணிக்கு வகுப்பு, செவ்வாய் 11 மணிக்கு, புதன்கிழமை நடுவில் மூன்று மணி நேரம் சும்மா. ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது பாடப்பகுதிக்கும், ஒரு விரிவுரையாளர். வேலையை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்பது பருவத் தொடக்கத்திலேயே இணையத்தில் போடப்பட்டிருக்கும். அதை யாரும் கரும்பலகையில் மறுபடி எழுதமாட்டார்கள்.

தொடக்கக் கல்லூரியில் நிலைமை வேறு. சீருடை உண்டு, காலை ஒன்றுகூடல் உண்டு, வகுப்பைக் கவனிக்கும் ஆசிரியரும் உண்டு. பார்த்தால் பள்ளி மாதிரியே இருக்கும். ஏமாறவேண்டாம். அங்கே மாறுவது வேகம். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் விரிவுரையில் பாடம் ஒருமுறை ஓடிவிடும், பிறகு சிறு வகுப்பில் கேள்விகளோடு வந்து உட்காரவேண்டியது மாணவர் பொறுப்பு. இரண்டு ஆண்டு என்பார்கள். பிப்ரவரியில் தொடங்கி மறு ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஏ நிலைத் தேர்வு எழுதவேண்டும் என்றால், விடுமுறைகளைக் கழித்து எத்தனை மாதம் மிச்சம் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடத்தில் வந்த பிள்ளை முதல் சோதனையில் பாஸ் மார்க்கூட வாங்காமல் வந்து நிற்பது ஜேசியில் சர்வசாதாரணம். அதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தொடங்கும் நேரத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஜேசி பிள்ளைக்கு இடம் கிடைத்த சில நாளிலேயே வகுப்பு தொடங்கிவிடும். பாலி பிள்ளைக்கு ஏப்ரல் நடுப்பகுதிவரை நேரம் இருக்கிறது. இந்த இடைவெளியைப் பலர் 'வீணாய்ப் போகுது' என்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல பயிற்சிக் காலம் கிடையாது. பகுதிநேர வேலைக்குப் போய், நேரத்துக்கு நிற்கக் கற்று, முதலாளியிடம் விடுப்புக் கேட்கக் கற்று, கையில் வந்த முதல் சம்பளத்தை ஒரே வாரத்தில் காலி செய்து வருத்தப்படவும் கற்றுக்கொள்ளட்டும். காலணியில் போன 140 வெள்ளி திரும்ப வராது, சரி. ஆனால் அது அவன் பணம்.

இப்போது என் வீட்டுக் கதை.

மகன் பாலியில் சேர்ந்து ஐந்தாவதோ ஆறாவதோ வாரம். காலையில் காய்ச்சல், 38.6. அன்று பிற்பகல் ஒரு மாட்யூலில் சிறு தேர்வு. மருந்தகத்தில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கியாகிவிட்டது. படுத்துக்கொண்டே, "அப்பா, சாருக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்களேன்" என்றான். நானும் பழக்கதோஷத்தில் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். நான்கு ஆண்டுகளாக வகுப்பாசிரியருக்கு எழுதி எழுதி வாசகமே மனப்பாடம். பாதி தட்டியிருப்பேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க எழுதினா அடுத்த தடவையும் நீங்கதான் எழுதணும்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறான், இப்போதா பாடம் நடத்துவது? அவள் அவனையும் விட்டுவிடவில்லை, என்னையும் விட்டுவிடவில்லை. மடிக்கணினியை அவன் கட்டிலில் வைத்தாள். "நீ எழுது. அப்பா பக்கத்துல உட்காருவார்."

அவன் எழுதிய முதல் வரைவு ஒரே வரி: 'ஹாய் சார், உடம்பு சரியில்லை, இன்னைக்கு வரல, எம்சி இருக்கு.' எந்த வகுப்பு, எந்தத் தேர்வு, முழுப்பெயர் என்ன, ஒன்றும் இல்லை. "இதைப் படிக்கிறவருக்கு நீ யாருன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். பெயரும் வகுப்பும் சேர்ந்தன. "அவர் என்ன செய்யணும்னு எதிர்பார்க்கிற?" மறுதேர்வு உண்டா என்ற கேள்வி சேர்ந்தது. எம்சியை எத்தனை நாளுக்குள் எங்கே ஏற்றவேண்டும் என்று கல்லூரி விதியில் இருந்தது. அதை நான் தேடித் தரவில்லை, அவனே கைப்பேசியில் தேடினான். நான் எழுதியிருந்தால் மூன்று நிமிடம், அவன் எழுத இருபது நிமிடம் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் போனது. எனக்கு அது அன்று மாலைதான் தெரியும். எல்லாவற்றையும் அவனே அனுப்பிவிட்டிருந்தான்.

அன்று நடந்ததைச் சாரக் கணக்கில் பார்த்தால் ஐந்து தட்டு தெரியும். அவனுக்காக நாமே செய்வது. செய்து காட்டுவது. எது குறைகிறது என்று சுட்டிக்காட்டுவது. கேள்வி மட்டும் கேட்பது. வாயை மூடிக்கொள்வது. நான் முதல் தட்டில் நின்றுகொண்டிருந்தேன், மனைவி என்னை நான்காவதற்குத் தள்ளிவிட்டாள். அவன் திணறியிருந்தால் மூன்றாவதற்குத் திரும்பியிருக்கலாம். நேரே ஐந்தாவதற்குப் போய், "உன் பாடு, இனி நீ பெரியவன்" என்று கதவைச் சாத்துவதைச் சிலர் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். அது ஒரு மாடிச் சாரத்தை ஆள் மேலே நிற்கும்போதே உருவுவது மாதிரி.

காலையில் எழுப்புவதும் இப்படித்தான். "எழுந்திருடா, மணி ஏழு" என்பது முதல் தட்டு. முந்தின இரவு "நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, எப்ப கிளம்பணும்?" என்று ஒரே ஒருமுறை கேட்பது நான்காவது. ஒரே ஒருமுறை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை கேட்டால் அது விசாரணை. ஒருநாள் தூங்கிப்போய் வகுப்பைத் தவறவிட்டான். அன்று நான் வீட்டிலேயே இருந்தேன், எழுப்பவில்லை. இரண்டு நாள் அவன் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேசையில் இரண்டாவது அலாரம் ஒன்று முளைத்திருந்தது.

கட்டுமானத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொன்னது: சாரத்தை மேலிருந்து கீழே பிரிப்பார்கள், கட்டிய வரிசைக்கு நேர் எதிராக. சுவரோடு பிணைத்திருக்கும் கட்டுகளை முன்கூட்டி அவிழ்த்தால் மொத்தமும் சாயும். பெற்றோருக்கும் இதே வரிசைதான். அலாரம், பை, மின்னஞ்சல், கால அட்டவணை எல்லாம் மேல்தட்டு. அவற்றை முதல் பருவத்திலேயே கழற்றலாம். பணமும் மனநலமும் அடித்தட்டு. அவற்றில் அவசரம் வேண்டாம்.

பணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நம் வீடுகளில் மௌனம் அதிகம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பாலிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி. உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் எடுசேவ் என்ற அரசாங்கக் கல்விச் சேமிப்புக் கணக்கில் மீந்த தொகை உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்குக்கு மாறும். அதிலிருந்து பாலி, ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) கட்டணம் கட்டலாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. சில அப்பாக்களுக்கும்தான். போதாவிட்டால் பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடனாக எடுக்கலாம். இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும். அது அப்பா தரும் பணம் என்று பெயர், ஆனால் கணக்கில் கடன். படித்து முடித்த ஓராண்டில் பிள்ளை அதை வட்டியோடு, ரொக்கமாக, அப்பாவின் கணக்குக்குத் திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டும். கையெழுத்துப் போடும் நாளில் அவனையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வசதி குறைந்த குடும்பம் என்றால், கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தையும், இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டாவையும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தையும் பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கைச்செலவை தினம் கொடுப்பதிலிருந்து வாரத்துக்கும், பிறகு மாதத்துக்கும் மாற்றினால் போதும். மாதம் 20ஆம் தேதி கை காலியானால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

துறையைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசுவதால் நான் குறைவாகவே சொல்கிறேன். ஜேசி, பாலி, ஐடிஇ மூன்றுக்கும் சேர்த்து நடக்கும் கூட்டு மாணவர் சேர்க்கையில் 12 விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். நூற்றுக்கணக்கான துறைகள். அந்த 1976 ஆய்வில் ஆசிரியர் செய்த உதவிகளில் ஒன்று, பிள்ளை திணறாதபடி ஒரே நேரத்தில் பார்க்கவேண்டியதைக் குறைப்பது. நாமும் அதைச் செய்யலாம். நூறை இருபதாக்கிக் கொடுக்கலாம். ஜனவரியில் பாலிகள் நடத்தும் திறந்த நாளுக்கு அவனோடு போகலாம். இருபதைப் பன்னிரண்டாக்கி வரிசை போடுவது அவன் வேலை. முதல் வரியில் நம் ஆசையை எழுதினால், மூன்று ஆண்டு கழித்து அதற்கான குறையைக் கேட்கவேண்டியவரும் நாம்தான். மூத்த பிள்ளையின் அனுபவத்தை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். 2027இல் ஓ நிலைத் தேர்வுக்குப் பதில் எஸ்இசி என்ற புதிய தேர்வுச் சான்றிதழ் வருகிறது. 2028 முதல் ஜேசி சேர்க்கைக்கு ஆறு பாடங்களுக்குப் பதிலாக ஐந்து பாடங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

ஐடிஇ என்றால் முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹையர் நைடெக் என்ற உயர் சான்றிதழ்ப் படிப்பை முடித்துப் பாலிக்குப் போனவர்கள் பலர். கம்பி பிடித்து, கணினியைப் பிரித்துப் போட்டுக் கற்ற பிள்ளைக்குத் தான் எதற்காகப் பாலிக்கு வந்தோம் என்று தெரிந்திருக்கும். தீபாவளி விருந்தில் வரும் கேள்விகளை நாம் வாங்கிக்கொள்வோம். அதுவும் சாரம்தான்.

பாலிப் பெற்றோர் பலர் தவறவிடும் ஒரு தகவல்: ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 4க்குக் கணக்கிடப்படுகிறது, முதல் ஆண்டிலிருந்தே சேர்ந்துகொண்டு வரும். 'முதல் செமஸ்டர்தானே, பழகட்டும்' என்று விட்ட மதிப்பெண், பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது எட்டிப் பார்க்கும். இதை முதல் வாரத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மிரட்டலாக இல்லாமல், பேருந்து எண் சொல்வது போல.

அப்படியும் ஒரு மாட்யூலில் தோற்கலாம், ஜேசியில் முதலாம் ஆண்டு இறுதித் தேர்வில் சறுக்கலாம், துறையே பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அந்த மூவர் பட்டியலிட்ட உதவிகளில் இன்னொன்று, பிள்ளையின் சலிப்பையும் எரிச்சலையும் தாங்கக்கூடிய அளவில் வைப்பது. அன்று இரவு செய்யவேண்டியது சோறு போடுவதுதான். திட்டம் மறுநாள். ஆனால் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, நண்பர்களை ஒதுக்கி, வாரக்கணக்கில் அறைக்குள்ளேயே இருந்தால் தட்டுக் கணக்கெல்லாம் பார்க்கவேண்டாம், இறங்கிக் கையைப் பிடியுங்கள். கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறார். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, 24 மணி நேரமும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. பாலியில் தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை. பத்தாண்டுகளாக வாரத்தில் சில மணி நேரம் தமிழில் எழுதிய கை ஒரே நாளில் நின்றுபோகும். பிறகு அவன் தமிழ் பேசக்கூடிய முக்கிய இடம் உங்கள் சாப்பாட்டு மேசைதான். அந்தக் குழாயை மட்டும் நாங்கள் கழற்றவில்லை, கழற்றும் யோசனையும் இல்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் பிள்ளை ஏற்கெனவே இரண்டாம் ஆண்டில் இருக்கலாம், இன்றைக்குக் காலையும் நீங்கள்தான் எழுப்பியிருக்கலாம். பரவாயில்லை. ஆனால் உற்சாகத்தில் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், அதுவும் தேர்வு வாரத்தில். பருவ விடுமுறை வரட்டும். அப்போது உட்காரவைத்துச் சொல்லுங்கள்: விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கட்கிழமையிலிருந்து நான் எழுப்பமாட்டேன். நாட்காட்டியில் அவன் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். அதுவரை எழுப்பிக்கொண்டே இருங்கள்.